சீதன வீட்டுக்குப் போன கம்பி: வயர்ப் பெட்டி பிறந்த கதை

நியூயோர்க்கில் நாசோ வீதியும் ஆன் வீதியும் சந்திக்கும் முனையில் ஒருநாள் குதிரைகள் காரணமில்லாமல் துள்ளின. 1882 செப்டெம்பர் 4ஆம் திகதி தொமஸ் அல்வா எடிசன் பேர்ல் வீதி மின்நிலையத்தை ஓடவிட்ட பிறகு நடந்த சங்கதி இது. பொலிஸ்காரர் ஒருவர் நிலையத்துக்கு ஓடிவந்து உடனே ஆள் அனுப்பும்படி கேட்டிருக்கிறார். எடிசன் போய்ப் பார்த்தால் வீதி நிறையச் சனம். அந்த இடத்தை மிதித்த குதிரை ஒவ்வொன்றும் எகிறிப் பாய்ந்துகொண்டிருந்தது. வீதிக்கடியில் புதைத்திருந்த ஜங்ஷன் பொக்ஸ் ஒன்று கசிந்திருந்தது. கட்டடங்களின் நிலவறைகள் வீதிக்குக் கீழேயும் நீண்டிருந்ததால் மேல்மண் அடிநிலத்தோடு ஒட்டாமல் நின்றது. அந்த ஈர மண்ணுக்குள் கறண்ட் பரவிக் கிடந்தது. எடிசன் பிற்காலத்தில் தன் வாயால் சொல்லிவைத்த கதை இது.

எடிசனின் வலக்கையாக இருந்த ஜோன் குரூசி செய்த அந்த நிலத்தடி ஏற்பாட்டில் சிக்கல் ஒன்றும் இல்லை. இருபது அடி நீள இரும்புக் குழாய். உள்ளே செம்புக் கோல்கள். கோல்கள் ஒன்றோடொன்று முட்டாமல் சுற்றிவர உருக்கி ஊற்றிய தார்க்கலவை. குழாய் நேராகப் போகும் வரைக்கும் தொந்தரவில்லை. ஒரு குழாய் முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்திலும், வழி இரண்டாகப் பிரியும் இடத்திலும் செம்பைத் திறந்து இணைத்து மூட வேண்டியிருந்தது. அதற்கென்று பெட்டிகள் வந்தன. மின்சாரம் ஊருக்குள் வந்த அதே வருடத்தில் பெட்டியும் வந்துவிட்டது. பெட்டியின் கோளாறும் கூடவே வந்தது. கம்பி போகும் வழியைவிடக் கம்பி சேரும் இடமே ஆபத்தானது என்ற பாடத்தை முதலில் படித்தவை அந்தக் குதிரைகள்தான்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு வீட்டு விறாந்தையில் மீற்றருக்குப் பக்கத்தில் தொங்கும் பிளாஸ்ரிக் பெட்டிக்கும் அந்த முனைக்கும் இடையில் ஏறக்குறைய நூற்று நாற்பது வருடம் கிடக்கிறது. இடையில் நடந்தது என்ன என்று பார்த்தால், பெட்டி எப்படிப் பெருத்தது என்பதும் ஏன் பெருத்தது என்பதும் விளங்கும்.

மரச்சட்டத்திலிருந்து கன அங்குலத்துக்கு

அதே 1882இல் ஜூன் மாதம் லண்டனில் மின்சார விளக்கினால் தீப்பிடிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று ஒரு சிறு விதித்தொகுப்பு வெளியானது. வெளியிட்ட தந்திப் பொறியியலாளர் சங்கம் பிறகு மின்பொறியியலாளர் நிறுவனமாக (ஐ.ஈ.ஈ.) மாறியது. இலங்கையில் வயரிங் படித்த எவரும் ஐ.ஈ.ஈ. விதி என்று கேள்விப்பட்டிருப்பார்; அதன் வேர் அந்தச் சிறு தொகுப்பில் இருக்கிறது. விளக்கு எரிய வேண்டும் என்பதைவிட வீடு எரியக்கூடாது என்ற கவலைதான் வயரிங் விதிகளைப் பெற்றெடுத்தது.

அந்தக் காலத்தில் வீட்டுக்குள் கம்பி மரத்துக்குள் படுத்திருந்தது. நீண்ட மரச்சட்டத்தில் இரண்டு பள்ளம் கீறி, பள்ளத்துக்கு ஒரு கம்பி வீதம் வைத்து, மேலே மர மூடி அடிப்பார்கள். கேசிங், கேப்பிங் என்று அதற்குப் பெயர். இன்று மட்டக்களப்புக் கடைகளில் வெள்ளைப் பிளாஸ்ரிக்கில் நீள நீளமாக அடுக்கி வைத்திருக்கும் கேசிங்கின் முப்பாட்டன் அது. அமெரிக்காவில் எட்வேர்ட் ஜோன்சன் என்ற எடிசனின் கூட்டாளி தார் ஏற்றிய காகிதக் குழாய்க்குள் கம்பியை இழுக்கும் முறையைக் கொண்டுவந்தார். குழாய் வந்தபின் கம்பியைச் சுவர் உடைக்காமல் இழுக்கவும் மாற்றவும் முடிந்தது. ஆனால் இழுத்த கம்பியை எங்கே நின்று இணைப்பது? முறுக்கி, ஈயம் பற்றவைத்து, றப்பர் நாடா சுற்றிச் சுவருக்குள் தள்ளிப் பூசிவிடுவதுதான் பழைய வழக்கம். அந்த இணைப்பு தளர்ந்து சூடானால் வெளியே இருப்பவருக்குத் தெரியாது. மரம் கருகும் மணம் வந்தபிறகுதான் தெரியும். ஆகவே இணைப்பு எல்லாம் பெட்டிக்குள் இருக்க வேண்டும், பெட்டியைத் திறந்து பார்க்கக் கூடியதாக வைக்க வேண்டும் என்ற விதி வந்தது. கனடாவில் வில்லியம் மார் என்பவர் 1914இல் ஈயம் பற்றவைக்காமலே கம்பிகளைச் சேர்க்கும் இணைப்பானைச் செய்தார். இணைப்பைக் கழற்றவும் மாட்டவும் வழி வந்தது; கழற்றி மாட்டக் கை போக இடமும் வேண்டியதாயிற்று.

1897இல் அமெரிக்காவின் தேசிய மின்விதி வெளியானது. தீக்காப்புறுதிக் கம்பனிகள் அதன் பின்னால் நின்றன. இன்று அந்த விதிநூல் பெட்டியின் அளவை இரண்டு விதமாகக் கேட்கிறது. மெல்லிய கம்பி என்றால் கனவளவு: 14ஆம் நம்பர் கம்பி ஒன்றுக்கு 2 கன அங்குலம், 12ஆம் நம்பருக்கு 2.25, 10க்கு 2.5, 8க்கு 3, 6க்கு 5. சுவிச்சோ பிளக்கோ உள்ளே உட்கார்ந்தால் அதற்கு இரண்டு கம்பியின் இடம் விட வேண்டும். 4ஆம் நம்பருக்கும் அதைவிடத் தடித்த கம்பிக்கும் நீளக் கணக்கு: கம்பி நேரே புகுந்து நேரே வெளியேறினால், பெரிய குழாயின் விட்டத்தைப்போல் எட்டு மடங்கு நீளப் பெட்டி, உள்ளே திரும்பினால் ஆறு மடங்கு, அதோடு அதே பக்கத்தில் புகும் மற்றக் குழாய்களின் விட்டங்களும். இரண்டு அங்குலக் குழாய் ஒன்று நேரே போக 16 அங்குலப் பெட்டி, மூலை திரும்ப 12 அங்குலம்.

பல பெட்டிகளுக்கு நடுவே கம்பிகளைக் கூட்டமாகக் கொண்டுபோகும் உலோகத் தொட்டிக்கு அதே நூல் இன்னும் கடுமை: உட்பரப்பில் 20 சதவீதத்துக்கு மேல் கம்பி இருக்கக்கூடாது, கறண்ட் ஓடும் கம்பி முப்பதுக்கு மேற்பட்டால் ஒவ்வொன்றும் சுமக்கக்கூடிய அளவைக் குறைக்க வேண்டும். பிரித்தானியப் பழக்கத்தில் கேசிங்குக்கு 45 சதவீதம்.

இந்த எண்களை ஒரே வரிசையில் வைத்துப் பார்த்தால், எல்லாமே காலியாக விடவேண்டிய இடத்தைத்தான் அளக்கின்றன என்பது தெரியும். இரண்டு அங்குலக் குழாய்க்குப் பதினாறு அங்குலம் என்றால், தடித்த கம்பியை இழுத்து வளைக்கும்போது அதன் மேலுறை பெட்டியின் விளிம்பில் கீறுப்படாமல் இருக்க அவ்வளவு தூரம் தேவை. 20 சதவீதம் என்றால், மீதி எண்பதும் சூடு வெளியேறும் இடம். கன அங்குலம் என்றால், இணைப்பை மடித்து உள்ளே தள்ளும்போது திருகாணி தளராமல் இருக்க வேண்டிய இடம். நல்ல பெட்டிக்குள் இருக்கும் மிகப் பெரிய பொருள் வெற்றிடம்.

இலங்கைக்கு வந்த வழி

கொழும்புக் கோட்டையில் 1895இல் பூஸ்டெட் சகோதரர்கள் மின்சாரம் விற்கத் தொடங்கினார்கள். 1918இல் டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் மலைநாட்டு ஆறுகளில் இருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று கட்டுரை படித்தார். அவர் கனவு கண்ட லக்சபான மின்நிலையம் 1950இல்தான் ஓடியது. மட்டக்களப்பாருக்குக் கிட்டிய கதை கல்லோயாத் திட்டம். 1949இல் தொடங்கிய அத்திட்டத்தின் அணைக்கட்டு இங்கினியாகலையில் எழும்பியபோது அந்த நிலம் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள் இருந்தது. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அணையோடு ஒரு சிறு மின்நிலையமும் வந்தது. 1969 நவம்பரில் இலங்கை மின்சார சபை பிறந்தது.

அந்தக் காலத்து வயரிங்கைப் பழைய கல்வீடுகளில் இன்றும் பார்க்கலாம். சுவரோடு ஓடும் ஒடுங்கிய மரப்பட்டி, அதன்மேல் தகரக் கிளிப்பில் பிடித்த றப்பர் வயர், வழி பிரியும் இடத்தில் உருண்டை மரக்கட்டை. வயரின் அளவு 3/.029, 7/.029 என்று எழுதப்படும். இழைகள் எத்தனை, ஒவ்வோர் இழையும் எத்தனை அங்குல விட்டம் என்று பொருள். இப்போது மில்லிமீற்றரில் 7/0.67, 7/1.04, 7/1.35. முதலாவது 2.5 சதுர மில்லிமீற்றர், அடுத்தது 6, கடைசி 10.

பெட்டியின் உருவத்தை மாற்றிய இன்னொரு பொருள் ஜேர்மனியிலிருந்து வந்தது. 1924இல் மன்ஹைம் நகரத்தில் ஹூகோ ஸ்டொட்ஸ் சூட்டாலும் காந்தத்தாலும் தானாக விழும் சிறு பிரேக்கருக்குக் காப்புரிமை எடுத்தார். பீங்கான் பியூஸ் போய், வரிசையாகக் கொளுவும் பிரேக்கர் வந்தது. அதன் அகலம் சுமார் 18 மில்லிமீற்றர் என்று நிலைத்தது. அன்றிலிருந்து பெட்டியை அங்குலத்தில் கேட்பதோடு எத்தனை பிரேக்கர் கொள்ளும் என்றும் கேட்கிறோம். தனி பிரேக்கர் ஓர் இடம். இரண்டு முனை மெயின் சுவிச் இரண்டு இடம். கசிவைப் பிடிக்கும் டிரிப் சுவிச் இரண்டு இடம்.

வாவியின் இரண்டு கரை

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய மணற்கரை, எழுவான்கரை: கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி. மேற்கே வயலும் குளமும், படுவான்கரை: வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி. கம்பி இந்த இரண்டு கரைக்கும் ஒரே காலத்தில் போகவில்லை. எழுவான்கரையில் பிளக்கும் மின்விசிறியும் பழகிப்போன பிறகும் படுவான்கரையில் குப்பிவிளக்கு எரிந்தது. 1978 நவம்பர் 23 இரவு வந்த சூறாவளி தென்னைகளையும் கூரைகளையும் மின்கம்பங்களையும் ஒன்றாகச் சாய்த்தது. பிறகு யுத்தம். படுவான்கரையின் பல ஊர்களுக்கு 2007க்குப் பிறகுதான் கம்பம் நட்டார்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபோது படகுத்துறையில் காத்திருந்து சாமான் கொண்டுபோகும் காலம் அங்கே முடிந்தது. சீமெந்தும் கம்பியும் பிறிட்ஜும் லொறியில் நேரே போயின.

கடற்கரைப் பக்கம் இன்னொரு கதை. 2004 டிசெம்பர் 26க்குப் பிறகு நாவலடி, திருச்செந்தூர், கல்லடிப் பக்கத்தில் அழிந்தவற்றுக்குப் பதிலாகச் சிறு வீடுகள் எழும்பின. ஐந்நூறு சதுர அடி என்பதே அன்றைய அளவு. யுத்தம் முடிந்தபின் இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்து இலட்சத்து ஐம்பதாயிரம் ரூபாய் கொடுத்தார்கள். இப்படிக் கட்டிய வீட்டுக்கு வயரிங் அந்த அளவில்தான் போகும்: அறைக்கு ஒரு லைட், ஒன்றிரண்டு பிளக், சிறு மெயின் பெட்டி. வீடு அங்கேயே நின்றுவிட்டால் பெட்டியும் போதும். மட்டக்களப்பில் வீடு நிற்பதில்லை.

மீற்றர் மூத்தவளுக்கு

இந்தப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குப் போகும். குடிவழி தாய்வழி, முக்குவச் சட்டம் என்று ஆங்கிலேயர் காலத்தில் எழுதிவைத்த பழைய வழக்கத்திலும் சொத்துப் பெண்வழியே இறங்கியது. இன்றும் தமிழர், முஸ்லிம்கள் இரு பகுதியாரிடமும் மகளுக்கு வீடு கொடுப்பது பெற்றோரின் கடன். பல குடும்பங்களில் அது நடக்கும் ஒழுங்கு இப்படி: மூத்த மகளுக்குக் கலியாணம் ஆனால் இருக்கிற பெரிய வீடு அவளுக்கு. தாயும் தகப்பனும் மற்றப் பிள்ளைகளும் அதே வளவில் பக்கத்தில் இன்னொரு வீட்டுக்குப் போவார்கள். இரண்டாமவளுக்கு அந்த வீடு. பிறகு இன்னொன்று. வளவுக்குள் வீடு வீடாக எழும்பும். கிணறு ஒன்று, படலை ஒன்று, ஆரம்பத்தில் மீற்றரும் ஒன்று.

ஆக, மீற்றர் மூத்தவளின் வீட்டோடு போய்விடும். புது வீட்டுக்குத் தனி மீற்றர் வரும்வரை தாயும் தகப்பனும் மகளிடமிருந்து கறண்ட் எடுப்பார்கள். சப் டிபி என்று வயரிங்காரர் சொல்லும் துணைப் பெட்டி இந்த ஊரில் பிறந்தது இந்த இடைவெளியில். மேலைநாட்டில் கராஜுக்கும் பட்டறைக்கும் போகும் துணைப் பெட்டி இங்கே சீதன வீட்டுக்குப் போகிறது.

முதலில் அது பெட்டியாகக்கூட இருப்பதில்லை. பெரிய வீட்டின் ஒரு பிளக்கிலிருந்து வயர் இழுத்து, வேப்பமரத்தில் ஒரு முடிச்சுப் போட்டு, புது வீட்டுக் கூரைக்குள் விடுவார்கள். அதன் பிறகு நாலு அங்குல ஜங்ஷன் பொக்ஸ் ஒன்று வரும். அதற்குள் ஆறு தடித்த வயரை முறுக்கித் திணித்து, மூடி பொருந்தாமல் ரேப் சுற்றி வைத்திருப்பதை வளவு வளவாகப் பார்க்கலாம். வயரிங் செய்ய வந்த பெடியன் பெரிய பெட்டி எழுதிக் கொடுத்தால் வீட்டுக்காரத் தாய் கேட்பார்:

“என்னத்துக்கு மனெ இவ்வளவு பெரிய பொக்ஸ்? உள்ளுக்கு ஒண்டும் இல்லாமக் கிடக்கே!”

“இப்ப ஒண்டும் இல்லைதான் அம்மா. சின்னவளுக்கும் வீடு கட்டத்தானே போறீங்க?”

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

பெரிய வீட்டில் ஒரு பேஸ் 30 அம்பியர் இணைப்பு. புது வீடு நாற்பது மீற்றர் தள்ளி. நல்ல நாளில் முப்பது அம்பியரையும் புது வீடே இழுக்கிறது என்று வைப்போம்.

6 சதுர மில்லிமீற்றர் செம்புக் கம்பி ஒவ்வொரு அம்பியருக்கும் ஒவ்வொரு மீற்றருக்கும் 7.3 மில்லிவோல்ற் தின்னும். 7.3 ஐ 30ஆலும் 40ஆலும் பெருக்கினால் 8.76 வோல்ற், 230இல் 3.8 சதவீதம். லைட்டுக்குத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை 3 சதவீதம், மற்றவற்றுக்கு 5 என்பது விதி. வழியிலேயே எல்லாம் போய்விட்டது. 10 சதுர மில்லிமீற்றர் போட்டால் மீற்றருக்கு 4.4 மில்லிவோல்ற், மொத்தம் 5.28 வோல்ற், 2.3 சதவீதம். ஆக 10 போட வேண்டும்.

கம்பி தடித்ததும் பெட்டியும் கேள்வி கேட்கும். நிலத்துக்குள் போகும் மூன்று கோர் ஆர்மர்ட் கேபிள் சுமார் 20 மில்லிமீற்றர் விட்டம். அதை வளைக்கும் ஆரம் விட்டத்தைப்போல் ஆறு மடங்குக்குக் குறையக் கூடாது, 120 மில்லிமீற்றர். ஆகவே கிடங்கிலிருந்து சுவரோடு மேலேறும் மூலையில் கேபிளுக்குத் திரும்ப இடம் விட்டு, பெட்டிக்கு அடிப்பக்கத்தில் நேராகப் பித்தளை கிளாண்டால் ஏற்ற வேண்டும். உள்ளே வருவது மூன்று கோர், வெளியேறுவது மூன்று வயர். அமெரிக்கக் கன அங்குலக் கணக்கை எடுத்தால் 10 சதுர மில்லிமீற்றருக்கு 6ஆம் நம்பர் கம்பியின் இடமான 5 கன அங்குலம், அதாவது 82 கன சென்ரிமீற்றர் வைக்கலாம். லைவ் இரண்டு, நியூற்றல் இரண்டு, எர்த் இரண்டும் சேர்ந்து ஒன்று. ஐந்து முறை 82 என்றால் 410. பத்துக்குப் பத்து, ஆழம் ஐந்து சென்ரிமீற்றர்ப் பெட்டியின் கனவளவு 500. கடதாசியில் சரிவரும். அதற்குள் இணைப்புக் கட்டையும் கிளாண்டின் நட்டும் உட்கார வேண்டும் என்று நினைத்தால் சரிவராது. ஆறு அங்குலப் பெட்டி, ஆழம் மூன்று அங்குலம் என்றால் ஏறக்குறைய 1,770 கன சென்ரிமீற்றர். ஸ்குறூ டிரைவரும் கையும் போகும். நாளைக்கு இன்னொரு கேபிள் வந்தாலும் இடம் கிடைக்கும்.

இனிப் பெரிய வீட்டு மெயின் பெட்டிக்கு மேலே ஓடும் கேசிங். பிளக் சுற்று ஐந்து, லைட் சுற்று மூன்று, புது வீட்டுக்குப் போகும் தடித்த வயர் ஒரு சோடியும் எர்த்தும். உறையோடு சேர்த்து 2.5 வயரின் வெட்டுமுகம் 12.6 சதுர மில்லிமீற்றர், 1.5க்கு 8.6, 10க்கு 35.3. பதினைந்து வயர் 189, ஒன்பது வயர் 77, மூன்று வயர் 106. மொத்தம் 372. இது 45 சதவீதமாக இருக்க வேண்டும் என்றால் கேசிங்கின் உட்பரப்பு 827 வேண்டும். 25க்கு 25 கேசிங் 625தான். 40க்கு 25 வெளியே அளந்தால் 1,000. சுவர்த்தடிப்பைக் கழித்தால் 800 அளவில் நின்றுவிடும். மூடியைக் கையால் அறைந்து பூட்டுகிற கேசிங் எல்லாம் இப்படிப்பட்டவைதான். 50க்கு 50 போட்டால் பாதிக்கு மேல் காலி.

காலியாக இருந்தாலும் சூட்டுக் கணக்குத் தனியாக உண்டு. ஒன்பது சுற்று ஒன்றாகக் கிடந்தால், எல்லாம் முழுப்பாரத்தில் ஓடும்போது ஒவ்வொன்றும் சுமக்கக்கூடியது பாதியாக இறங்கும் என்கிறது பிரித்தானிய அட்டவணை. வீட்டில் எல்லாம் ஒரேயடியாக ஓடுவதில்லை. முப்பது சதவீதத்துக்கு மேல் பாரம் சுமக்காத சுற்றை அந்தக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை. அப்படியிருந்தும் புது வீட்டுக்குப் போகும் தடித்த வயரைத் தனிக் கேசிங்கில் விடுவது புத்தி. நாள் முழுக்கச் சூடாகக் கிடப்பது அது ஒன்றுதான்.

உப்பும் வெள்ளமும் பல்லியும்

எந்த விதிநூலிலும் மட்டக்களப்புக் காற்று இல்லை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உவர் வாவி. நடுவில் இருக்கும் ஊரில் இரும்புப் பெட்டியின் விளிம்பு இரண்டு மாரிக்குள் செம்மண் நிறமாகிவிடும். பித்தளைத் திருகாணி பச்சை பிடிக்கும். பச்சை பிடித்த இணைப்பு சூடாகும், சூடாகித் தளரும், தளர்ந்தால் இன்னும் சூடாகும். எழுவான்கரையில் பிளாஸ்ரிக் பெட்டி இரும்பை விரட்டியது இதனால்தான். துருப்பிடிக்காத திருகாணி, றப்பர் வளையம் வைத்த மூடி, வயர் புகுவது எப்போதும் அடிப்பக்கத்தால். மேலே துளைத்த பெட்டிக்குள் வயரோடு மழைநீர் வழிந்து இறங்கும். வெளியே ஒரு வளைவு விட்டுக் கீழிருந்து ஏற்றினால் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

மார்கழி, தை மழையில் வாவி நிரம்பி முகத்துவாரம் வெட்டும் வரைக்கும் தாழ்ந்த வளவுகளில் நீர் நிற்கும். 2011 ஜனவரி வெள்ளத்தில் நீர் வீடுகளுக்குள் புகுந்தது. பிளக்கை முழங்காலுயரத்தில் வைத்து, வளவு நடுவே இணைப்புப் பெட்டியை நிலமட்டத்தில் புதைத்திருந்தால் நியூயோர்க் குதிரைகள் பட்டதை இங்கே ஆடும் மாடும் படும். நிலத்துக்குள் இணைப்பே கூடாது. கேபிள் ஒரு துண்டாகப் போகட்டும், இணைப்பு இரண்டு முனையிலும் நெஞ்சுயரத்தில் இருக்கட்டும்.

பெட்டியில் ஒரு துளையைத் திறந்துவிட்டு அடைக்க மறந்தால் உள்ளே குடியேறுவது பல்லியும் எறும்பும். பெரிய பெட்டி வாங்கினால் தேவையில்லாத துளைகளை அடைக்கும் மூடிகளையும் சேர்த்து வாங்க வேண்டும்.

யார் வீட்டு டிரிப்?

துணைப் பெட்டி போட்ட வளவுகளில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. தாய் வீட்டில் ரைஸ் குக்கர் போட்டால் மகள் வீட்டில் இருட்டு. இலங்கையில் வீட்டுக்கு வீடு சொந்த எர்த் கம்பி. கசிவைப் பிடிப்பது 30 மில்லிஅம்பியர் டிரிப் சுவிச். இரண்டு வீட்டுக்கும் ஒரே டிரிப் என்றால் எந்த வீட்டில் கசிந்தாலும் இரண்டும் விழும். பெரிய வீட்டு மெயினில் தாமதித்து விழும் 100 மில்லிஅம்பியர் டிரிப்பும் ஒவ்வொரு வீட்டுப் பெட்டியிலும் தனித்தனி 30 மில்லிஅம்பியரும் வைத்தால் கசிந்த வீடு மட்டும் இருளும். இதற்கு இடம் வேண்டும். மெயின் சுவிச் இரண்டிடம், டிரிப் இரண்டு போட்டால் நாலிடம், சுற்று எட்டு, புது வீட்டுப் பிரேக்கர் இரண்டிடம்: பதினாறு. பன்னிரண்டு இடப் பெட்டி வாங்கி வந்தவர் டிரிப்பில்தான் கைவைப்பார்.

இன்னொரு பிழை நியூற்றலில் நடக்கும். இரண்டு டிரிப்புக்கும் நியூற்றல் கட்டை தனித்தனியாக இருக்க வேண்டும். நெருக்கமான பெட்டியில் நியூற்றல் எல்லாவற்றையும் கிடைத்த கட்டையில் கொளுவிவிடுவார்கள். ஒரு டிரிப்பால் போன கறண்ட் அதே டிரிப்பால் திரும்பாவிட்டால் அந்த டிரிப் கசிவு என்று நினைத்து விழும். வயரில் பழுதில்லை, குக்கரில் பழுதில்லை, டிரிப்பைத்தான் மாற்றி மாற்றி வாங்குவார்கள். இரண்டாவது நியூற்றல் கட்டை வைக்க இடமுள்ள பெட்டியில் இந்தக் குழப்பம் வர வாய்ப்புக் குறைவு.

இன்னும் பிறந்துகொண்டிருக்கிறது

2022இல் எரிவாயு சிலிண்டருக்கு வரிசை நின்ற நாட்களில் கறண்ட் வெட்டுக்கு நடுவிலும் மின் அடுப்பு வாங்கியவர்கள் பலர். இரண்டாயிரம் வோட் அடுப்பு ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கும். ஐந்நூறு சதுர அடி வீட்டுக்குப் போட்ட பெட்டி எதிர்பார்க்காத சுமை அது. கூரையில் சூரிய மின்தகடு போடுவோர் 2016க்குப் பிறகு பெருகினார்கள். அதற்கு இன்னொரு பிரேக்கர், இன்னொரு பெட்டி. தகட்டிலிருந்து இறங்கும் நேர்மின்னோட்ட வயரை வீட்டு வயரோடு ஒரே கேசிங்கில் நெருக்காமல் தனி வழி விட வேண்டும்.

மட்டக்களப்பில் பெட்டி வாங்கப் போகிறவர் லைட் எத்தனை, பிளக் எத்தனை என்று எண்ணுவதோடு, வளவில் இன்னும் எத்தனை வீடு எழும்ப இருக்கிறது என்பதையும் எண்ணிக்கொண்டு போக வேண்டும். நாலு அங்குலப் பெட்டிக்கும் ஆறு அங்குலப் பெட்டிக்கும் உள்ள விலை வித்தியாசம் பெரிய காசில்லை. பூசிய சுவரை உடைத்துத் திரும்பப் பூசும் கூலி பெரிய காசு. பிரேக்கர் வரிசையில் நாலிடத்தையாவது வெறுமனே விட்டு, எந்தப் பிரேக்கர் எந்த வீட்டுக்கு, எந்த அறைக்கு என்று மூடியின் உட்பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். கடைசிப் பெண்பிள்ளைக்கு வீடு கட்டும்போது வேறொரு வயரிங்காரர்தான் வருவார். அவர் திறந்ததும் முதலில் தேடப்போவது அந்த நாலிடத்தைத்தான்.